பாதி வெட்டிய முடியோடு ஒரு சாட்சி

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துப் பிள்ளைகளுக்கு சிஸ்டர் என்றால் இரண்டு பேர். ஒருவர் ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி சொல்லித் தரும் கன்னியாஸ்திரி. இன்னொருவர் மாதத்துக்கு ஒருமுறை ஐஸ் பெட்டியோடு வந்து தடுப்பூசி போடும் அரசு சுகாதார நிலையத்து நர்ஸ். முதலாமவர் நரகத்தைப் பற்றிச் சொல்வார். இரண்டாமவர் ஊசியைக் காட்டுவார். இருவருக்கும் ஒரே அளவுதான் பயந்தோம். நான் சொல்லப்போவது ஊசி சிஸ்டரைப் பற்றி.

அவர் பாலக்காட்டுக்குக் கிழக்கே, கோயம்புத்தூர் எல்லையை ஒட்டிய ஒரு கிராமத்துக்காரர். தென்னந்தோப்பும் மாடுகளும் உள்ள குடும்பம். வேலை கிடைத்து எங்கள் மலைக்கு வந்திருந்தார். அவர் பேசும் தமிழ் எங்களுக்கு வேடிக்கையாக இருக்கும். ஆறு மாதக் குழந்தைக்கு ஊசி போடும்போதுகூட, “கொஞ்சமா வலிக்குமுங்க, பொறுத்துக்கோங்க” என்பார். அவர் போன பிறகு லயத்துப் பெண்கள் ஒருவரையொருவர் “வாங்க, உக்காருங்க, கொழுந்து எடுங்க” என்று கூப்பிட்டுச் சிரித்துக்கொள்வார்கள். தோட்டத்தில் யாரும் அவர்களை அப்படிக் கூப்பிட்டதில்லை என்பதும் அந்தச் சிரிப்பில் இருந்திருக்க வேண்டும்.

வண்டிப்பெரியாருக்கும் குமுளிக்கும் நடுவே, சாலையிலிருந்து மேலே ஏறிப் போகிற ஒரு தேயிலை எஸ்டேட் எங்களுடையது. எங்களுடையது என்றால் நாங்கள் வேலை பார்த்தது. அங்கே மேல் லயம், கீழ் லயம் என்று இரண்டு வரிசை வீடுகள். கீழ் லயம் முழுக்க எங்கள் ஆட்கள். கொள்ளுத்தாத்தா காலத்தில் ஞானஸ்நானம் வாங்கியவர்கள். மேல் லயத்தில் மற்றவர்கள். எல்லோருடைய முன்னோர்களும் ஒரே மலைப்பாதையில்தான் மூட்டை சுமந்து ஏறி வந்தார்கள். ஆனாலும் கீழே எந்த ஊரில் எந்தத் தெருவிலிருந்து வந்தோம் என்பதை யாரும் வழியில் போட்டுவிட்டு வரவில்லை. சின்னப் பிள்ளையான எனக்கு அதெல்லாம் தெரியாது. மேலே இருப்பவர்களுக்குத் தண்ணீர் முதலில் வரும், எங்களுக்குப் பிறகு வரும், அவ்வளவுதான்.

எனக்கு ஒன்பது வயதானபோது புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்க நாள் குறித்தார்கள். வெள்ளை கவுன், வெள்ளை ஷூ, தலையில் பூமுடி. முந்தைய வருடம் புதுநன்மை வாங்கிய பிள்ளைகளின் போட்டோ கோயில் அறையில் மாட்டியிருந்தது. அதில் எஸ்டேட் கிளார்க்கின் மகள் தோள்வரை சுருள் சுருளாக முடி தொங்க நின்றிருந்தாள். பீடத்தில் சிறகோடு இருக்கும் சம்மனசுக்குக்கூட அவ்வளவு சுருள் இல்லை. என் முடியோ மழையில் நனைந்த கோழி இறகு மாதிரி படிந்து கிடக்கும். எனக்கும் அந்தச் சுருள் வேண்டும் என்று ஒரு மாதம் அழுதேன். அம்மா இரண்டு அடி போட்டார். அத்தைதான், கடைவீதியில் இருக்கும் பியூட்டி பார்லருக்குக் கூட்டிப்போகிறேன் என்று வாக்குக் கொடுத்தார்.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டு எங்களோடு வாழ்ந்தவர். கொழுந்து நிறுக்கும்போது ஈரக் கழிவு என்று சூப்பர்வைசர் அநியாயமாகக் குறைத்தால், மறுபடி நிறுக்கும்வரை தராசை விட்டு நகராமல் நிற்பார். சத்தம் போட மாட்டார். நிற்பார், அவ்வளவுதான். பின்னால் இருபது பெண்கள் கூடையோடு காத்திருக்க, கடைசியில் சூப்பர்வைசரே சலித்துப்போய் மறுபடி நிறுப்பார்.

புதுநன்மைக்கு முந்தின நாள் சனிக்கிழமை. அத்தை லீவு போட்டுவிட்டு, இருக்கிற சேலைகளில் நல்லதைக் கட்டிக்கொண்டு, என்னைக் கூட்டிப்போனார். பார்லர் என்பது ஒரே அறை. ஒரு பெரிய கண்ணாடி, இரண்டு நாற்காலி. ஒன்று காலியாக இருந்தது. மற்றதில் கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டி ஊசி சிஸ்டர் உட்கார்ந்திருந்தார். அவருக்கு இடுப்புவரை முடி. அதில் வலப்பக்கத்தைத் தோளளவுக்கு வெட்டியிருந்தார்கள். இடப்பக்கம் இன்னும் வெட்டாமல் தொங்கியது. கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் பழக்கதோஷத்தில் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

பார்லர்க்கார அம்மா கத்தரியை நிறுத்தாமலே எந்த எஸ்டேட் என்று கேட்டார். அத்தை சொன்னார். மேல் லயமா, கீழ் லயமா என்று அடுத்த கேள்வி. அத்தை அதற்கும் பதில் சொன்னார். கத்தரி நின்றது. இன்றைக்கு ஆள் நிறைய இருக்கிறது என்றார் அந்த அம்மா. காலி நாற்காலியைப் பார்த்துவிட்டு, காத்திருக்கிறோம் என்றார் அத்தை.

“காத்திருந்தாலும் ஆகாது. கீழ் லயத்துக்காரங்களுக்கு இங்க பண்றதில்ல. அதே சீப்பு, அதே துண்டு. சிஸ்டர் மாதிரி ஆளுங்க வந்து உக்கார்ற எடம் இது. அவங்க மொகம் சுளிக்க மாட்டாங்களா?”

இதைக் கோபமாகச் சொல்லவில்லை. கடையில் சீனி தீர்ந்துபோயிற்று என்று சொல்கிற மாதிரி சொன்னார்.

எனக்கு உடனே விஷயம் புரிந்துவிட்டதாக நினைத்தேன். பேன்! முந்தைய வருடம் எனக்குத் தலை நிறையப் பேன் இருந்தது. அது எப்படியோ கடைவீதிவரை தெரிந்திருக்கிறது. நான் முன்னால் போய், குரலை உயர்த்தி, “எனக்குப் பேன் இல்ல. அம்மா நேத்துத்தான் பாத்துச்சு. வேணும்னா நீங்களே பாருங்க” என்று தலையைக் குனிந்து காட்டினேன்.

அத்தை என் தோளைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தார். தராசின் முன்னால் நகராமல் நிற்கிறவர், அன்றைக்கு உடனே வாசலைப் பார்த்துத் திரும்பினார்.

அப்போது நாற்காலி கிறீச்சிட்டது. ஊசி சிஸ்டர் எழுந்து கழுத்துத் துணியை அவிழ்த்து, மடித்து நாற்காலியின் மேல் வைத்தார். பாதியில் எழுந்தால் எப்படி என்று அந்த அம்மா பதறினார். “மீதி வேண்டாங்க” என்று மட்டும் சொல்லி, அதுவரை வெட்டியதற்கான பணத்தை வைத்துவிட்டு, எங்கள் பின்னாலேயே வெளியே வந்தார். ஒரு பக்கம் தோள்வரை, மறுபக்கம் இடுப்புவரை முடி. சனிக்கிழமைக் கடைவீதி முழுவதும் அவரைத் திரும்பிப் பார்த்தது. ஜீப் ஸ்டாண்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு அவரோடு நடந்து வரவே வெட்கமாக இருந்தது.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ப் பராதி எழுதிக் கொடுக்கலாம் என்று அவர் அத்தையிடம் சொன்னார். பராதி என்றால் புகார். எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். அத்தை வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

“விட்டுருங்க சிஸ்டர். நாளைக்குப் புள்ளைக்கு நல்ல நாளு. இந்தப் பேச்சு எனக்குப் புதுசா?”

“எனக்குப் புதுசுங்க. எம்பேரைச் சொல்லித்தானுங்க அந்தப் புள்ளைய வெளிய அனுப்புனாங்க. நான் எப்படிங்க சும்மா ஊட்டுக்குப் போறது?”

அத்தை அப்போதும் அசையவில்லை. நான்தான் கெடுத்தேன், அல்லது நல்லது செய்தேன். பேன் இல்லை என்று சொல்லியும் ஏன் முடி சுருட்ட மாட்டேன் என்கிறார்கள் என்று அத்தையிடம் கேட்டு, நடுத்தெருவில் நின்று அழ ஆரம்பித்தேன். அத்தை என்னைப் பார்த்தார். பிறகு சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, எங்கள் இருவரையும் விட்டுவிட்டு ஸ்டேஷன் இருக்கும் பக்கம் நடக்கத் தொடங்கினார். நாங்கள் ஓடித்தான் அவரைப் பிடிக்க வேண்டியிருந்தது.

ஸ்டேஷனில் எஸ்.ஐ. மலையாளமும் தமிழும் கலந்து பேசினார். மோசமான மனிதர் இல்லை. எனக்கு ஒரு பிஸ்கட்கூடக் கொடுத்தார். ஆனால் எங்களை வீட்டுக்கு அனுப்பிவிடத்தான் பார்த்தார். நீங்கள் கிறிஸ்தவர்கள், சாதிக் கொடுமைச் சட்டம் உங்களுக்குச் செல்லாது, அந்த அம்மாவைக் கூப்பிட்டுக் கண்டித்து வைக்கிறேன் என்றார். அத்தைக்கு அதற்கு மேல் என்ன சொல்வது என்று தெரியவில்லை. ஊசி சிஸ்டருக்குத் தெரிந்திருந்தது. அரசு வேலைக்குப் பரீட்சை எழுதுவதற்காக அவர் நான்கு வருடம் பொது அறிவுப் புத்தகம் படித்தவர். நான் பத்துக் கட்டளைகளை ஒப்பிக்கிற மாதிரி அவர் கையைக் கட்டிக்கொண்டு ஒப்பித்தார். அரசியல் சட்டத்தின் பதினைந்தாவது பிரிவு. கடை, ஓட்டல், கிணறு, குளம், சாலை எதிலும் சாதி மதம் பார்த்து ஒருவரைத் தடுக்கக் கூடாது. பதினேழாவது பிரிவு, தீண்டாமை ஒழிக்கப்பட்டது, எந்த வடிவில் கடைப்பிடித்தாலும் குற்றம். அதற்கென்று பழைய சட்டம் ஒன்று தனியாக இருக்கிறது, அது யாரையும் மதம் கேட்பதில்லை, கொஞ்சம் எடுத்துப் பாருங்கள் என்றார்.

ஸ்டேஷன் எழுத்தர் ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து, எச்சில் தொட்டுப் பக்கம் பக்கமாகத் திருப்பினார். நான் பிஸ்கட்டைத் தின்று முடித்தேன். கடைசியில் அவர் விரலை ஓரிடத்தில் வைத்து எஸ்.ஐ.யிடம் காட்டினார். எஸ்.ஐ. வாசித்தார். பிறகு சிஸ்டரை, குறிப்பாக அவருடைய முடியை, முதல்முறையாகச் சரியாகப் பார்த்தார். நீங்கள் சாட்சி சொல்வீர்களா என்று கேட்டார்.

“காதுல கேட்டதச் சொல்றதுக்கு என்னங்க” என்றார் சிஸ்டர்.

அந்தச் சாட்சி எவ்வளவு பெரிய விஷயம் என்று பல வருடங்கள் கழித்துச் சட்டம் படித்த ஒரு தோழி சொல்லித்தான் எனக்குத் தெரியும். பட்டியல் சாதிச் சான்றிதழ் உள்ளவர்களுக்கு இப்படி நடந்தால், அது தீண்டாமையால்தான் நடந்தது என்று கோர்ட்டே முதலில் எடுத்துக்கொள்ளுமாம். இல்லை என்று நிரூபிப்பது எதிராளியின் பொறுப்பு. ஞானஸ்நானம் வாங்கிய எங்களிடம் அந்தச் சான்றிதழ் இல்லை. ஆகவே நாங்கள்தான் நிரூபிக்க வேண்டும். அந்த அறையில் அந்தச் சொற்கள் சொல்லப்பட்டதை, எங்களைத் தவிர வேறொருவர் வந்து சொல்ல வேண்டும். சிஸ்டர் மட்டும் மீதி முடியையும் வெட்டிக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தால் எங்கள் பராதி அன்றோடு முடிந்திருக்கும்.

அன்று மாலை அவர் எங்களோடு கீழ் லயத்துக்கு வந்தார். அத்தை தையல்காரரிடமிருந்து கத்தரி வாங்கி வந்து அவருடைய மறுபக்க முடியையும் தோளளவுக்கு வெட்டினார். பிறகு சிஸ்டர் என்னைத் தன் முன்னால் உட்காரவைத்து, காயத்துக்குக் கட்டும் காஸ் துணியைக் கஞ்சித்தண்ணீரில் நனைத்துக் கீற்றுக் கீற்றாகக் கிழித்து, என் முடியைச் சிறு சிறு சுருளாகச் சுற்றிக் கட்டினார். தலையெல்லாம் காயம்பட்டவள் மாதிரி தூங்கினேன். மறுநாள் காலையில் அவிழ்த்தபோது உண்மையிலேயே சுருள் இருந்தது. பூசையில் காணிக்கைப் பாட்டு வருவதற்குள் இடப்பக்கம் தொங்கிவிட்டது. வலப்பக்கம் கடைசிவரை நின்றது. போட்டோவில் நான் முகத்தைச் சாய்த்து வலப்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நிற்பேன். பின்னால் அத்தை வெட்டிய கோணல் முடியோடு சிஸ்டரும் நிற்பார்.

வழக்கு நான்கு வருடம் நடந்தது. அதற்குள் சிஸ்டருக்குச் சொந்த ஊர்ப் பக்கம் மாற்றல் கிடைத்துவிட்டது. ஆனாலும் ஒவ்வொரு வாய்தாவுக்கும் பஸ் ஏறி வந்தார். பாதி நாள் நீதிபதி லீவு, பாதி நாள் எதிர்த்தரப்பு வக்கீல் வரவில்லை. திரும்பிப் போவார், மறுபடி வருவார். அவர் சாட்சி சொன்ன அன்று நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். நடந்ததை அத்தைதான் வந்து சொன்னார். முடி சரியாக வெட்டவில்லை என்ற கோபத்தில் பொய் சொல்கிறீர்கள், அப்படித்தானே என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டாராம். சிஸ்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “இல்லீங்க. அந்தம்மா நல்லாத்தான் வெட்டுனாங்க. வேலைல ஒரு கொறையும் இல்லீங்க” என்றாராம். அந்த ஒரு பதிலுக்குப் பிறகு அந்த வக்கீல் அவரிடம் அதிகம் எதுவும் கேட்கவில்லை என்று அத்தை சொல்வார்.

தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது. அதற்கு வெகுநாள் முன்பே, வழக்குப் பதிவான முதல் மாதத்திலேயே, பார்லரில் கீழ் லயத்துப் பெண்களை உட்காரவைக்க ஆரம்பித்துவிட்டார்கள். அதே சீப்பு, அதே துண்டு. அந்த அம்மாவின் மனம் மாறியதா என்று எனக்குத் தெரியாது. எங்கள் லயத்துக் கல்யாணப் பெண்கள் பலருக்கு அவர்தான் பின்னாளில் பூ வைத்துச் சிங்காரித்துவிட்டார். நன்றாகவே செய்தார். சட்டத்திடம் நான் அதற்கு மேல் எதிர்பார்க்கவில்லை. அந்த அளவுக்கு அது செய்ததற்கே நன்றியோடு இருக்கிறேன்.

இப்போது நான் எர்ணாகுளத்தில் வேலை பார்க்கிறேன். போன வருடம் வாடகைக்கு வீடு தேடி அலைந்தேன். போனில் எல்லாம் சரியாகப் பேசுவார்கள். எந்த ஊர், எந்த எஸ்டேட், எந்த சபை என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். பிறகு வீடு வேறு யாருக்கோ கொடுத்தாகிவிட்டது என்பார்கள். ஐந்தாவது வீடும் அப்படிப் போன அன்று அத்தையைக் கூப்பிட்டுப் புலம்பினேன். அத்தை ஆறுதல் சொல்லவில்லை. “சிஸ்டரும் இப்பிடித்தான் அலஞ்சாங்க. ஒனக்கு அப்பத் தெரியாது” என்றார்.

எனக்குத் தெரியாத அந்த விஷயம் இதுதான்.

புதுநன்மை முடிந்து மூன்றாவது வாரம், சிஸ்டர் ஒரு பெட்டியோடும் ஒரு பாய்ச் சுருளோடும் எங்கள் வீட்டுக்கு வந்தார். கொஞ்ச நாள் நம்மோடு இருக்கப்போகிறார் என்று அத்தை சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுப்படி போக எங்கள் வீட்டில் ஒரே அறை. அதில் எனக்கும் அத்தைக்கும் நடுவே சிஸ்டர் படுத்தார். என் கணக்கு நோட்டைப் பார்த்துத் திருத்தினார். கம்பங்கூழ் எப்படிக் காய்ச்சுவது என்று அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தார். அம்மா காய்ச்சினார், நன்றாக இல்லை, எல்லோரும் குடித்தோம். கீழ் லயத்தில் வேறு யார் வீட்டில் நர்ஸ் தங்கியிருக்கிறார் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டு திரிந்தேன். அவர் ஏன் வந்தார் என்று ஒருமுறை அவரிடமே கேட்டேன்.

“உங்க ஊட்டுச் சோறு எனக்குப் பிடிச்சுப் போச்சு கண்ணு” என்றார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

கடைவீதியில் அவர் குடியிருந்த மாடி அறை பார்லர்க்கார அம்மாவின் உறவினருடையது என்பதை அத்தை இப்போதுதான் சொன்னார். எஃப்.ஐ.ஆர். பதிவான வாரமே காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அதன் பிறகு அந்தக் கடைவீதியில் ஒருவரும் அவருக்கு அறை தரவில்லை. தினமும் டியூட்டி முடிந்து ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கிவிட்டுத்தான் லயத்துக்கு ஏறி வந்திருக்கிறார். அவர் நுழையும்போது அத்தை முகத்தைப் பார்ப்பார்; சிஸ்டர் இல்லை என்று தலையை அசைப்பார். பிறகு இருவரும் உலை வைக்கப் போவார்கள். நான் அந்தத் தலையசைப்பைத் தினமும் பார்த்திருக்கிறேன்.

வேறிடத்தில் ஒரு அறை கிடைக்கும்வரை, இருபத்திரண்டு நாள் எங்களோடு இருந்தார். தினமும் சாயங்காலம் ஜெபமாலை முடிந்ததும் வீட்டில் ஒவ்வொருவரும் ஒரு மன்றாட்டுச் சொல்ல வேண்டும். அப்பா நோயாளிகளுக்காக மன்றாடுவார், அம்மா மழைக்காக. அந்த நாட்களில் அத்தை மட்டும், மனதில் நினைத்ததைக் கர்த்தர் நிறைவேற்றட்டும் என்று வெளியே சொல்லாமல் மன்றாடுவார். என் முறை வரும்போது நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி, “ஊசி சிஸ்டர் எங்க வீட்ட விட்டுப் போகவே கூடாது, ஆண்டவரே” என்பேன்.

ஒவ்வொரு நாளும் அது பலித்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. நான் அப்படிச் சொல்லும்போதெல்லாம் வீட்டில் ஒரு நொடி யாரும் மூச்சுவிட மாட்டார்கள் என்பதைக் கவனித்திருக்கிறேன். என் பக்தியைக் கண்டு அசந்துபோகிறார்கள் என்றுதான் நினைத்தேன். முதலில் ‘ஆமென்’ சொல்வது எப்போதும் சிஸ்டர்தான். எங்கள் மதம் இல்லாதவருக்கு எவ்வளவு நன்றாக ‘ஆமென்’ சொல்ல வருகிறது என்று ஒவ்வொரு நாளும் ஆச்சரியப்பட்டேன்.